வெரோனிக்காவின் பக்கமும் கோயில் கொம்பியூட்டரும்

மன்னார்,
10.08.2025, ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் நிறோஜனுக்கு அம்மா எழுதிக்கொள்வது,

மாதாவின் காவலில் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் மட்டும் பூசைக்குப் போகிற நாட்களில் நோகிறது, கடற்கரைக்குப் போகிற நாட்களில் நோவதில்லை. நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குப் படுத்துச் சுகமாக இருந்தால் எங்களுக்கு வேறொன்றும் வேண்டாம். கையில் ஃபோன் இருக்க ஏன் அம்மா கடிதம் எழுதுகிறா என்று நீ யோசிப்பாய். ஃபோனில் நீ எப்போதும் பஸ்ஸுக்கும் வேலைக்கும் நடுவில்தான் நிற்கிறாய், நான் அரைவாசி சொல்லும்போதே பிறகு கதைக்கிறன் அம்மா என்று வைத்துவிடுகிறாய். இந்த விசயத்தை நீ தலையிலிருந்து கால்வரை கேட்கவேண்டும், இடையில் ஒரு சொல் பேசாமல் கேட்கவேண்டும், அதனால்தான் எழுதுகிறேன். பக்கத்து வீட்டுக் கிறகரி அண்ணை மகளைப் பார்க்க நோர்வேக்கு வியாழக்கிழமை பயணம், அவர் கையில் இதையும் கொஞ்சம் பாரைக் கருவாட்டையும் கொடுத்துவிடுகிறேன். இங்கே ஒரு மாதமாகச் சோளகக் காற்று விடாமல் அடிக்கிறது, சோற்றிலும் மண், படுக்கையிலும் மண். வள்ளங்கள் பாதி நாள் கரையில்தான், அதனால் அப்பாவுக்கு எஞ்சின் திருத்துகிற வேலை நிறைய, வீட்டு முன்பக்கம் முழுக்க ஆட்களின் எஞ்சின்கள் வரிசையாக நிற்கின்றன. தோட்டவெளிச் சின்னம்மாவின் மகளுக்குச் சம்பந்தம் சரிவந்துவிட்டது, மாப்பிள்ளை தலைமன்னார், ரயில்வேயில் வேலை, நல்ல பிள்ளை என்றுதான் சொல்லுகிறார்கள்.

இனி விசயத்துக்கு வாறன். நீ போன பிறகு நான் கோயில் கந்தோரில் எழுத்து வேலைக்குச் சேர்ந்தது உனக்குத் தெரியும், ஆனால் அங்கே அம்மா என்ன செய்கிறா என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. அந்தப் புயல் வருசம் கந்தோர் ஓடு பறந்து, அலுமாரிக்குள் மழை இறங்கி, ஞானஸ்நானப் பதிவேடுகள் எல்லாம் நனைந்துபோயின. நான் ஒவ்வொரு தாளாகக் காயவைத்து, ஒவ்வொன்றையும் படம் பிடித்து, கந்தோர்க் கொம்பியூட்டரில் வருசம் வருசமாகப் போட்டு வைத்தேன், ஆயிரத்துச் சொச்சம் பக்கம், எட்டு மாதம் எடுத்தது. நல்ல காலம் செய்தேன், ஏனென்றால் எண்பத்தெட்டு தொடக்கம் தொண்ணூற்றொன்று வரையான புத்தகம் பிறகு பூஞ்சணம் பிடித்து ஒட்டி ஒரே கட்டியாகிவிட்டது, இப்போது அதைத் திறந்தால் தூள்தான் கொட்டும். இன்னொரு இடத்திலும் ஒரு பிரதி எடுத்து வைக்கவேண்டும் என்று நானும் நினைத்தேன், நாளைக்கு நாளைக்கு என்று நான்கு வருசம் போய்விட்டது. அது என் பிழைதான், அதை உனக்கு ஒளிக்கவில்லை.

வெரோனிக்காவை உனக்குத் தெரியாது. இரண்டு வருசத்துக்கு முன் இந்தியாவிலிருந்து திரும்பி வந்தவள், இரண்டு பிள்ளைகள், புருசன் அங்கேயே இறந்துவிட்டான், வாசிகசாலைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டிலில் இருந்து தைக்கிறாள். தொண்ணூறாம் ஆண்டு கைக்குழந்தையாக இருக்கும்போது தாய் தகப்பன் அவளைத் தூக்கிக்கொண்டு வள்ளத்தில் போனவர்கள், அகதி முகாமில்தான் வளர்ந்தாள், கதைப்பதும் அந்த ஊர்த் தமிழ்தான், நம் ஊர்ப் பிள்ளைகள் அவளைப் போலப் பேசிக் காட்டிச் சிரிக்கும். தாயும் தகப்பனும் அங்கேயே செத்துப்போனார்கள். இங்கே பிறந்தவள் என்று காட்ட அவளிடம் ஒரு துண்டுத் தாள் கிடையாது. பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் இல்லாமல் அடையாள அட்டை இல்லை, அட்டை இல்லாமல் வீட்டுத்திட்டப் பட்டியலில் பெயர் வராது, பிள்ளைகளுக்கும் எல்லாப் பத்திரமும் இழுபறி. ஞானஸ்நானப் பதிவின் பிரதியைக் கொண்டு வந்தால் காலம் கடந்த பிறப்புப் பதிவுக்கு விண்ணப்பத்தை எடுக்கலாம் என்றும், ஓகஸ்ட் ஆறாம் திகதி எல்லாப் பத்திரமும் ஒரே இடத்தில் எடுக்கிற நடமாடும் சேவைக்கு வரச்சொல்லியும் பிரதேச செயலகத்தில் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். அதை விட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது, வீட்டுத்திட்டப் பட்டியலோ இந்த மாதக் கடைசியில் மூடுகிறார்கள். அவள் ஞானஸ்நானம் பெற்றது எண்பத்தொன்பதிலோ தொண்ணூறிலோ. அந்தக் கட்டியாகிப்போன புத்தகம்.

கொம்பியூட்டர் யூலை நடுப்பகுதியிலேயே குழப்படி தொடங்கிவிட்டது. நான் தட்டிக்கொண்டிருக்கும்போதே திரை நீலமாகி எழுத்து ஓடும், பிறகு தானாக நின்று தானாகத் தொடங்கும். ஒருநாளைக்கு ஒருமுறை வந்தது பிறகு மணிக்கொருமுறை வந்தது. இருபத்தெட்டாம் திகதி திங்கட்கிழமை காலையில் வெரோனிக்காவுக்குப் பதிவைத் தேடிக்கொடுப்போம் என்று நான் பொத்தானை அமத்த, வெளிச்சம் வருகிறது, உள்ளே விசிறி சுற்றுகிற சத்தம் கேட்கிறது, திரை மட்டும் கறுப்பு. உள்ளிருந்து நீளமாக ஒரு கூவல், ஒரு நிறுத்தம், பிறகும் நீளமாக ஒரு கூவல். இருபது தரம் அணைத்துப் போட்டேன், அதேதான். அந்தப் பெட்டிக்குள் வெரோனிக்கா மட்டும் இல்லை, அந்தக் கட்டியான புத்தகத்து நான்கு வருசப் பிள்ளைகள் அத்தனை பேரும் இருந்தார்கள், வேறெங்கும் இல்லை.

அன்று உனக்கு ஃபோன் எடுத்தேன், நினைவிருக்கிறதா. அது பழசு அம்மா, தூக்கி எறியுங்கோ, நான் புதுசு ஒண்டுக்கு ஒழுங்கு செய்யிறன், ஆனால் தயவுசெய்து நீங்கள் ஒண்டையும் கழட்டாதேங்கோ என்றாய். உள்ளே இருப்பது என்ன என்று சொல்ல முதல் உன் பஸ் வந்துவிட்டது. மறுநாள் பெட்டியை ஓட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு டவுணில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை போனால் அந்தக் கடைத் தம்பி தலையை நிமிர்த்தாமலே, மதர்போட் போயிட்டுது அன்ரி, இதுக்குச் சாமான் இப்ப வாறேல்லை, புதுசுதான் எடுக்கோணும் என்றான். உள்ளே இருக்கிற படங்களை எடுக்கலாமா என்று கேட்டேன். சொல்லேலாது, கொழும்புக்கு அனுப்பினால் மூண்டு கிழமை ஆகும் என்றான். அன்றைக்கு முதலாம் திகதி. ஆறாம் திகதிக்கு ஐந்து நாள்.

சனிக்கிழமை பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு கந்தோருக்கு வந்தால் வெரோனிக்கா வாசலில் நிற்கிறாள். அவளுக்கு நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பெட்டியைப் பார்த்துவிட்டு, பரவாயில்ல ஆன்ட்டி, அடுத்த தடவை பாத்துக்கலாம், எங்களுக்கு இது பழகிடுச்சு என்று சொல்லிவிட்டுப் போனாள். என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அந்தப் ‘பழகிடுச்சு’ என்ற சொல் என் நெஞ்சில் போய்க் குத்திக்கொண்டது. நேரே பாதரிடம் போய், நான் இதைத் திறந்து பார்க்கட்டுமா என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, ஏலாதெண்டு அவையே சொல்லிட்டினம் அக்கா, இனி நீங்கள் உடைச்சால்தான் என்ன, பாருங்கோ என்றார். பெட்டியையும் திரையையும் வீட்டுக்குக் கொண்டுவந்தால் அப்பாவுக்குக் கோபம். இஞ்சேரும், அது கோயில் சாமான், கழட்டிப்போட்டுப் பூட்டத் தெரியாட்டி என்ன செய்வீர் என்றார். உங்கட எஞ்சினை முதல்நாள் கழட்டேக்கை ஆரிட்டைப் படிச்சிட்டுக் கழட்டினனீங்கள் என்று கேட்டேன். போய்த் தன் சின்ன ஸ்குறூ ட்றைவர்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துணி விரித்துப் பெட்டியைப் படுக்க வைத்தேன். அதற்கு முன் ஃபோனில் தமிழ் வீடியோக்கள் பார்த்திருந்தேன், ஒன்றை ஒன்பது தரம் பார்த்தேன். அதில் சொன்னபடி முதலில் வயரைக் கழற்றி, பொத்தானைக் கொஞ்ச நேரம் அமத்தி உள்ளே மிச்சம் நின்ற கறன்ரை வெளியேற்றி, யன்னல் கம்பியைத் தொட்டுவிட்டுத்தான் கையை வைத்தேன். பக்கத்து மூடியின் திருகாணி இரண்டையும் கழற்றி மெல்ல இழுத்தபோதுதான் ஒன்றைக் கண்டேன். மூடிக்கும் உள்ளே உள்ள இரும்புக்கும் இடையில் ஒரு சிலந்தி வலை, அறாமல், தூசி பிடித்து, நான் இழுக்க இழுக்க நீண்டு பிறகுதான் அறுந்தது. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, எடியப்பா, இவை திறந்தே பாக்கேல்லையே என்றார். மகன், எனக்கு வந்த கோபத்தையும் சந்தோசத்தையும் நான் எப்படி எழுதுவேன். திறந்து பார்த்துவிட்டு முடியாது என்று சொன்னால் அது ஒரு தீர்ப்பு. திறக்காமலே சொன்னால் அது வெறும் வாய்ப்பேச்சு. அந்த நிமிசத்திலிருந்து எனக்குப் பயம் போய்விட்டது.

உள்ளே பார்க்க அருவருப்பாக இருந்தது, விசிறியில் பஞ்சு போலத் தூசி, எல்லாவற்றிலும் உப்புக் காற்றின் பிசுபிசுப்பு. அப்பாவின் பெயின்ற் பிரஷ் புதிதாக ஒன்று இருந்தது, அதால் தட்டித் தட்டி எடுத்தேன். அப்பா கதிரையை இழுத்துப் போட்டு இருந்துகொண்டு, நான் எஞ்சின் ஸ்டார்ட் வராட்டி என்ன செய்யிறனான், தேவையில்லாததெல்லாத்தையும் கழட்டிப்போட்டு எண்ணெயும் நெருப்பும் போகுதோ எண்டு மட்டும் பாப்பன், நீரும் அப்பிடிப் பாரும் என்றார். அது நல்ல புத்தியாகப் பட்டது. நீளக் கூவல் விட்டுவிட்டு வந்தால் றாம் என்கிற நினைவுத் தகட்டில் பழுது இருக்கலாம் என்று வீடியோவில் சொன்னார்கள். நம் பெட்டியில் அது இரண்டு, சீப்புப் போலப் பல் வைத்த சின்னத் தகடுகள். இரண்டு பக்கக் கொளுக்கியையும் விரலால் தள்ள மேலே எழும்பி வந்தது. தங்க நிறமாக இருக்கவேண்டிய பல்லெல்லாம் கறுத்து, ஓரத்தில் பச்சை. நம் வீட்டு யன்னல் கொளுக்கி கறுக்கிற அதே கறுப்புத்தான், நாற்பது வருசமாக இந்தக் கடற்காற்றில் நான் தேய்க்கிற கறுப்பு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாவிக்கிற வெள்ளை அழிறப்பர் ஒன்றை எடுத்து இரண்டு பக்கமும் மெல்ல மெல்லத் தேய்த்தேன், மீன் செதிலைப் போலக் கறுப்பு உரிந்து வந்தது. துணியால் துடைத்து, ஒன்றை மட்டும் திரும்ப வைத்து, இரண்டு பக்கமும் ‘டக்’ என்று விழும்வரை அமத்தினேன்.

வயரைக் குத்தி அப்பாவைப் பார்த்தேன். அவர் சிலுவை அடையாளம் போட்டார். பொத்தானை அமத்தினேன். விசிறி சுற்றியது. நீளக் கூவல் வரவில்லை. ஒரேயொரு சின்னக் கூவல், அவ்வளவுதான், பிறகு திரையில் வெள்ளை எழுத்து வந்தது. நான் சத்தம் போட்டு அழுதேன் என்று அப்பா கிறகரி அண்ணைக்குச் சொல்லியிருக்கிறார், நம்பாதே, கண் கலங்கியது மட்டும் உண்மை. ஆனால் சந்தோசம் ஒரு நிமிசம்தான். எழுத்து ஓடி முடிந்து, தொடங்குவதற்கு ஒன்றையும் காணவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நின்றுவிட்டது. அப்பா எழும்பி முற்றத்துக்குப் போய்விட்டார். நான் மட்டும் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். மூலையில் திகதி இருந்தது, 2012 தை மாதம் முதலாம் திகதி என்று. பதிவேட்டுக்குத் திகதி போடுவதுதான் என் தொழில், பிழையான திகதி என் கண்ணில் படாமல் போகாது. மறுபடி அணைத்துப் போட்டேன், திரும்பவும் அதே தை முதலாம் திகதி. அப்படியென்றால் இது ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் மறந்துவிட்டு எழும்புகிறது, திகதியை மறந்தது போல எங்கே இருந்து தொடங்கவேண்டும் என்பதையும் மறந்திருக்கிறது. உள்ளே காசு போல ஒரு வட்டப் பற்றரி இருப்பதைத் துடைக்கும்போதே கண்டிருந்தேன். வீடியோவில் தேடினேன், அதுதான் இவற்றை நினைவில் வைத்திருக்கிற பற்றரி.

திங்கட்கிழமை அந்தப் பற்றரியைக் கைலேஞ்சியில் முடிந்துகொண்டு பஸ் ஏறினேன். மூன்று கடையில் இல்லை என்றார்கள். கடைசியில் உப்புக்குளத்தில் மணிக்கூடு திருத்துகிற சரிபுதீன் நானாவிடம் போனேன், நீ சின்னனாக இருக்கும்போது அவரிடம்தான் உனக்கு முதல் மணிக்கூடு வாங்கினோம். அவர் கண்ணில் வில்லையை வைத்துப் பார்த்துவிட்டு, இது மணிக்கூட்டுக்குரியதில்ல தங்கச்சி, தராசுக்குப் போடுறது, ஆனா நம்மட்ட இருக்கு என்றார். எதுக்கு என்று கேட்டார், சொன்னேன். யார் திருத்துறது என்றார். நான்தான் என்றேன். அவர் வில்லையைக் கழற்றிவிட்டு என்னை ஒருமுறை நன்றாகப் பார்த்து, புதியது இரண்டை எடுத்து இரண்டின் வலுவையும் மீற்றரில் பார்த்து, கூடியதைத் தந்தார். அல்லாஹ் உங்களுக்கு லேசாக்கித் தரட்டும் என்றார். நான் ஆமென் என்றேன், அவரும் ஆமீன் என்றார்.

செவ்வாய் காலை ஆறு மணிக்குப் பற்றரியைப் போட்டு, திகதியைச் சரியாக்கி, வீடியோவில் காட்டியபடி தொடக்கத்திலேயே ஒரு விசையை அமத்தினால் வருகிற நீலப் பட்டியலுக்குள் போய் எதிலிருந்து தொடங்கவேண்டும் என்ற இடத்தைத் தேடினேன். ஆங்கிலம் எல்லாம் விளங்கவில்லை, விளங்காததைத் தொடவில்லை. படங்கள் எல்லாம் இருக்கிற ஹாட் டிஸ்க்கின் பெயர் மூன்றாவதாக நின்றது, அதை முதலாவதாக்கி வைத்துவிட்டு அணைத்துப் போட்டேன். வட்டம் வட்டமாகப் புள்ளி சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. அப்பா பல்துலக்கிய வாயோடு பின்னால் வந்து நின்றார். பிறகு நான் போட்டு வைத்த மடு மாதாவின் படம் திரை முழுக்க வந்தது, பக்கத்தில் பதிவேட்டுப் படங்களைப் போட்டு வைத்த என் பெட்டகங்கள் அத்தனையும், வருசம் வருசமாக, ஒன்றுகூடக் குறையாமல். அப்பா, அடி அன்ரோனெற் என்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நீ பிறந்த பிறகு அவர் என்னை நிறோஜன் அம்மா என்றுதான் கூப்பிடுகிறவர். முதல் வேலையாக இரண்டு பென் ட்ரைவில் பிரதி எடுத்தேன், ஒன்று பாதரின் அலுமாரியில், மற்றது கன்னியர் மடத்தில். மூன்று மணித்தியாலம் ஓடவிட்டேன், ஒருமுறைகூட நீலமாகவில்லை.

பிறகுதான் பெட்டியையும் திரையையும் ஓட்டோவில் கந்தோருக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு வெரோனிக்காவுக்கு ஆள் அனுப்பினேன். தைத்துக்கொண்டிருந்தவள் கழுத்தில் அளவு நாடாவோடு ஓடிவந்தாள். எண்பத்தொன்பதை முழுக்கப் பார்த்தோம், இல்லை. அவள் முகம் விழுந்துவிட்டது. தொண்ணூறைத் தொடங்கினேன், சித்திரை மாதப் பக்கத்தில் மூன்றாவது பெயர். எழுத்துக் கரைந்திருந்தாலும் வாசிக்கலாம். வெரோனிக்கா, பிறந்தது பங்குனி பதினேழு, தகப்பன் சவரி அருளப்பு, தாய் மேரி பிலோமினா. அவள் விரலைத் திரைக்குக் கிட்டக் கொண்டுபோய்த் தொடாமல் பிடித்துக்கொண்டு, பிலோமினா, பிலோமினா என்று இரண்டு முறை சொன்னாள். முகாமில் அவளுடைய தாயை எல்லோரும் மேரி என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள், ஆறு வயதில் தாயை இழந்தவளுக்கு முழுப்பெயர் தெரியாது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, முகாம்ல என் பொறந்த நாள் எண்பத்தொம்பது ஜனவரி ஒண்ணுன்னுதான் எழுதிட்டாங்க ஆன்ட்டி, அப்போ எனக்கு ஒரு வயசு கொறைஞ்சிடுச்சா என்று கேட்டாள். ஓம் பிள்ளை, ஒண்டுக்குக் கூடக் குறைஞ்சிட்டுது என்றேன். இருவரும் சிரித்த சிரிப்பில் பாதர் உள்ளேயிருந்து வந்துவிட்டார். புத்தகம் அழிந்த விபரத்துக்கு அவர் கடிதம் எழுதி, படப் பிரதியில் முத்திரை குத்திக் கையெழுத்து வைத்தார்.

புதன்கிழமை நடமாடும் சேவைக்கு நானும் அவளோடு போனேன். அங்கே விண்ணப்பம் எடுக்கிற உத்தியோகத்தர் அம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, மூலப் புத்தகம் எங்கே என்று கேட்டு, உள்ளே கொண்டுபோய் யாரிடமோ காட்டி, அரை மணித்தியாலம் எங்களை வாங்கில் இருத்தி வைத்தா. பிறகு வந்து, விண்ணப்பத்தை எடுத்திருக்கிறம், இந்தத் துண்டை வீட்டுத்திட்டக்காரரிட்டைக் காட்டுங்கோ, பேர் போடுவினம் என்றா. வெரோனிக்கா அந்தத் துண்டைத் தன் சட்டைக்குள் வைத்தாள், பையை நம்பவில்லை. பேரும் போட்டாயிற்று, வெள்ளிக்கிழமை நான் என் கண்ணாலே பட்டியலில் பார்த்தேன். அன்று திரும்பி வரும்போது ஓட்டோவை அந்தக் கொம்பியூட்டர்க் கடை வாசலில் நிற்பாட்டினேன். தம்பி, அந்தப் பெட்டி எழும்பிட்டுது, அடுத்தமுறை ஆருக்கும் ஏலாதெண்டு சொல்ல முதல் மூடியைத் திறந்து பாருங்கோ என்று மரியாதையாகத்தான் சொன்னேன். அவன் முகம் சிவந்து, என்ன செய்தனீங்கள் அன்ரி என்று கேட்டான். அழிறப்பரால தேய்ச்சனான் என்றேன். அவன் அதை ஒரு கடதாசியில் எழுதி வைத்துக்கொண்டான், அதனால் அவன் மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை.

வருகிற வெள்ளிக்கிழமை மடுவில் பெருநாள், எல்லோரும் வான் பிடித்துப் போகிறோம், வெரோனிக்காவும் பிள்ளைகளும் வருகிறார்கள். உனக்காகவும் ஒரு மெழுகுதிரி கொளுத்துவேன். இது உன் கைக்குக் கிடைக்கப் பெருநாள் முடிந்திருக்கும், என்றாலும் நீயும் ஒருநாள் வேலைக்குப் போக முதல் ஏதாவது ஒரு கோயிலில் ஐந்து நிமிசம் முழங்காலில் இரு. கருவாட்டை அறைக்குள் பொரிக்காதே, உன்னோடு இருக்கிற பிள்ளைகள் பாவம். இந்தக் கடிதம் கிடைத்தால் ஃபோனில் சொல்லாதே, நாலு வரியாவது கையால் எழுதிப் படம் எடுத்து அனுப்பு, உன் கையெழுத்தைப் பார்த்துக் கனகாலம். ஆண்டவர் உன் போக்கிலும் வரவிலும் துணையிருக்க, மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்க, அப்பாவும் நானும் உன் நெற்றியில் சிலுவை போடுகிறோம். இதற்குமேல் எழுத நேரமில்லை மகன், நேற்றுப் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கொம்பியூட்டரைக் கொண்டுவந்து தந்திருக்கிறார்கள், ஆறு மாதமாக எழும்பாமல் கிடக்கிறதாம், அதிபர் தன் கையாலே தூக்கிக்கொண்டு வந்தார். அப்பா எஞ்சின் ஒன்றை ஒதுக்கி எனக்கு இடம் விட்டிருக்கிறார். பேனையை வைத்துவிட்டு மூடியைத் திறக்கப் போகிறேன்.

உன் அன்பு அம்மா,
எமிலியானுஸ் அன்ரோனெற்.